மார்க்கைக் கடைசியில் பாருங்கள்: சீன அரண்மனைப் பீங்கான் சேகரிக்க முழு வழிகாட்டி

2022 அக்டோபரில் பிரான்சின் ஃபோந்தேன்புளோவில் ஒரு நீல வெள்ளை ஜாடி ஏலத்துக்கு வந்தது. உருண்டை வயிறு, உருளைக் கழுத்து, உடம்பெல்லாம் டிராகனும் மேகமும். 20-ஆம் நூற்றாண்டு அலங்காரப் பொருள்தான் என்று நிபுணர் சொல்லிவிட, 1,500 முதல் 2,000 யூரோ என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். ஏலம் முடிந்தபோது விலை 77 லட்சம் யூரோ. கமிஷன் சேர்த்தால் 91 லட்சத்துக்கு மேல். போட்டி போட்டவர்கள் அதை 18-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று நம்பினார்கள். நிபுணருக்கு வேலை போயிற்று, ஆனால் கடைசிவரை அவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

படித்தவர்களே இப்படி எதிரெதிராக நிற்கும் துறையில் நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நிறையவே முடியும். புதிதாக வருபவர்களின் பணம் போவது இந்த மாதிரி நூலிழைச் சிக்கல்களில் கிடையாது. பொருளைக் கையில் எடுத்ததும் நேராக அடியைத் திருப்பி, அங்கே நீலத்தில் எழுதியிருக்கும் ஆறு எழுத்தை, எந்த அரசர் காலத்தில் செய்தது என்று சொல்லும் மார்க்கை, பார்த்து மயங்கிவிடுவதில்தான் போகிறது. எந்தப் பொருளிலும் போலி செய்ய மிகச் சுலபமான இடம் அந்த ஆறு எழுத்துதான். அதனால் இந்த வழிகாட்டியில் மார்க் பின்னால் வரும்.

எது அரண்மனைப் பீங்கான்?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சீனப் பீங்கான் என்றாலே அரண்மனைப் பீங்கான் ஆகிவிடாது. ஜியாங்ஷி மாகாணத்தில் இருக்கும் ஜிங்தெசென் ஊரில் மிங் (1368–1644), சிங் (1644–1912) வம்ச அரசர்கள் காலத்தில் இரண்டு வகைச் சூளைகள் ஓடின. அரசருக்காகச் செய்தது குவான்யாவ், அதாவது அரசுச் சூளை. மற்ற எல்லாருக்கும், ஏற்றுமதிக்கும் செய்தது மின்யாவ், மக்கள் சூளை. மண் ஒன்று, ஊர் ஒன்று, சில சமயம் கைவினைஞர்களும் அவர்களேதான், ஆனால் தரக் கட்டுப்பாடு வேறு. மிங் காலத்தில் அரசுச் சூளையில் சிறு குறையோடு வெளிவந்ததையெல்லாம் உடைத்து அங்கேயே புதைத்தார்கள். 1980-கள் முதல் ஜூஷான் குன்றில் தோண்டி எடுத்த அந்தச் சில்லுகளை ஒட்டவைத்துத்தான் இன்று மிங் பீங்கானைப் பற்றிப் பல விஷயங்கள் உறுதியாகத் தெரிந்திருக்கின்றன.

நம் பக்கத்தில் ராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தில் அகழாய்வில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் கப்பலில் வந்த வணிகச் சரக்கு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் வீடுகளில் பரம்பரையாக இருக்கும் வண்ண வண்ண நியோன்யா பாத்திரங்களும் அப்படித்தான், ஜிங்தெசென்னில் செய்து, அந்த ஊர்களில் வேரூன்றிய சீன வம்சாவளிப் பெரானக்கான் குடும்பங்களுக்காக அனுப்பியவை. அழகானவை, சேகரிக்கத் தகுந்தவை, ஆனால் அரண்மனைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. யாராவது இதைக் காட்டி "அரசர் வீட்டுச் சரக்கு" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

படி 1: வாங்குவதற்கு முன்னால் கண்ணைப் பழக்குங்கள்

அரண்மனைச் சரக்கில் நமக்கு ஒரு வசதி உண்டு. இவை அரசவை அனுப்பிய மாதிரிப்படி, ஜோடியாகவும் தொகுதியாகவும் செய்யப்பட்டவை. மஞ்சள் பின்னணியில் பச்சை டிராகன் போட்ட கிண்ணத்தைக் சிங் அரசர்களான காங்ஷி (1662–1722) காலம் முதல் குவாங்ஷு (1875–1908) காலம் வரை ஆட்சிக்கு ஆட்சி செய்துகொண்டே இருந்தார்கள். அதனால் உண்மையான ஒரு பொருளுக்குப் பெரும்பாலும் எங்காவது ஒரு அருங்காட்சியகத்தில் இரட்டைப் பிறவி இருக்கும். தைப்பேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகம், பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் மூன்றும் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. சர் பெர்சிவல் டேவிட்டின் சேகரிப்பு முழுவதும் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95-ஆம் அறையில் இருக்கிறது. 1351 என்று தேதி எழுதிய டேவிட் ஜாடிகளும் அங்கேதான்.

படம் பார்ப்பதோடு நிற்காதீர்கள். விட்டம், உயரம், டிராகனின் நகம் எத்தனை, மேகத்தின் வால் எந்தப் பக்கம் வளைகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் காட்டும் கிண்ணம் அருங்காட்சியகத்தில் இருப்பதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் பெரியது, அந்த அளவில் வேறெங்கும் ஒன்றுகூடக் கிடையாது என்றால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டியவர் நீங்கள்.

நிறத்துக்கும் அரண்மனையில் வரிசை இருந்தது. சிங் காலத்தில் உள்ளும் புறமும் மஞ்சள் என்றால் ராஜமாதாவுக்கும் பட்டத்தரசிக்கும். வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை என்றால் அடுத்த நிலை அரசிக்கு. மஞ்சளில் பச்சை டிராகன், நீலத்தில் மஞ்சள் டிராகன், பச்சையில் ஊதா டிராகன் என்று படிப்படியாகக் கீழே இறங்கும். ஐந்து நக டிராகன் அரசவைக்குரிய அடையாளம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. போலி செய்பவருக்கும் ஐந்து வரை எண்ணத் தெரியும்.

ஏல நிறுவனங்களின் முன்காட்சி நாட்களை விட்டுவிடாதீர்கள். ஹாங்காங், லண்டன், நியூயார்க்கில் பெரிய ஏலங்களுக்கு முன் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் தருவார்கள், வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எடை, விளிம்பின் மென்மை, கையில் உட்காரும் விதம் எல்லாம் படத்தில் வராது. அந்தப் பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம்.

படி 2: கவிழ்த்து, அடி வளையத்தைப் படியுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த நேரத்தில் பாதியை இங்கேயே செலவழிக்கலாம். கிண்ணம் நிற்கும் அந்த வளையத்தில் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு இருக்காது, மண் வெளியே தெரியும். என்ன மண், எப்படிச் சீவினார்கள், எதன் மேல் வைத்துச் சுட்டார்கள் என்ற மூன்றும் அங்கே இருக்கும்.

ஜிங்தெசென் பீங்கான் இரண்டு பொருளின் கலவை. ஒன்று பெய்துன்சி என்னும் பீங்கான் கல்லைப் பொடித்தது. இன்னொன்று கயோலின் களிமண். பக்கத்தில் இருக்கும் காவ்லிங் என்ற இடத்தின் பெயர்தான் உலகம் முழுக்க அந்த மண்ணுக்குப் பெயரானது. இந்தக் கலவையை 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுடுவார்கள். நல்ல காலத்து மண் விரல் நுனியில் வழவழப்பாக இருக்கும். சீனச் சேகரிப்பாளர்கள் ஒட்டரிசி மாவைத் தொட்ட மாதிரி என்பார்கள். சொரசொரப்பாக, சுண்ணாம்புபோலக் காய்ந்து இருந்தால் யோசியுங்கள்.

காங்ஷிக்கு அடுத்த யோங்செங் (1723–1735) காலத்து அடி வளையம் இரண்டு பக்கமும் உருட்டி வழித்திருக்கும். மண்புழு மாதிரி நெளியும் லோச் என்னும் மீனின் முதுகு என்று அந்த வட்டாரத்தில் பெயர். காங்ஷி காலத்து ஜாடிகள் சிலவற்றில் வளையம் இரட்டையாக, நடுவே பள்ளத்தோடு இருக்கும். மிங் பொருள்களில் மண்ணிலிருக்கும் இரும்பு சுடும்போது வெளிவந்து, கிளேஸ் முடியும் ஓரத்தில் ஆரஞ்சுச் சாயல் பிடித்திருக்கும். இது உள்ளிருந்து வருவதால் ஒரே சீராக இருக்காது, ஓரத்தில் அடர்ந்து வெளியே போகப் போக மங்கும். போலியில் இரும்புக் கரைசலைத் தூரிகையால் தடவியிருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் தடவிய எல்லையே தெரியும், சில சமயம் பள்ளங்களில் தேங்கி நிற்கும்.

பெரிய ஜாடி என்றால் கையை உள்ளே விடுங்கள். அந்தக் காலத்தில் பெரிய உருவங்களைத் துண்டு துண்டாகச் செய்து, குழைத்த மண்ணால் ஒட்டினார்கள். வயிற்றின் நடுவிலோ கழுத்தின் கீழோ ஒரு மேடு விரலில் தட்டும். உள்ளே கண்ணாடிபோல வழவழப்பாக ஒரு தடயமும் இல்லாமல் இருந்தால் அச்சில் ஊற்றிச் செய்த நவீனப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் எச்சரிக்கை. உண்மையான பழைய அடிப்பாகத்தை, உடைந்த பாத்திரத்திலிருந்து வெட்டி எடுத்து, அதன் மேல் புதிய உடம்பை எழுப்பிச் செய்யும் போலியும் உண்டு. அடியும் மார்க்கும் நூறு சதவீதம் அசல், மேலே எல்லாம் போன வருஷத்துச் சரக்கு. அதனால் அடி வளையம் சரி என்றதும் நிம்மதியாகிவிடாமல், அடி உடம்போடு சேரும் இடத்தைச் சுற்றிலும் விளக்கடித்துப் பாருங்கள்.

படி 3: கிளேஸும் தேய்மானமும்

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். பழைய கிளேஸுக்குள் குமிழிகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும். அன்று பைன் விறகில் சுட்டார்கள், வெப்பம் ஏறி இறங்கும். இன்றைய கேஸ் சூளையில் எல்லாம் ஒரே அளவாக, கிளேஸ் கண்ணாடிபோலப் பளபளவென்று வரும். இதைத் தெரிந்துகொண்ட சிலர் மறுபடி விறகுச் சூளைக்கே போய்விட்டார்கள் என்பதால் இது மட்டும் போதாது. மிங் அரசர் சுவாந்தே காலத்துக் கிளேஸில் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற நுண்ணிய குழிகள் இருக்கும்.

புதுப் பளபளப்பைக் கொல்ல ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முக்குவது பழைய தந்திரம். அமிலம் பட்ட கிளேஸ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கும், லென்ஸில் மேல்தோல் அரித்தது தெரியும். உண்மையான உபயோகத்தில் தேய்வது அப்படிக் கிடையாது. கிண்ணத்தின் உள்தரையில், வயிறு புடைத்த இடத்தில், நிற்கும் வளையத்தில் அதிகம் தேயும்; கைப்பிடிக்கு அடியிலும் மூலை முடுக்கிலும் பளபளப்பு அப்படியே இருக்கும். கீறல்களும் எல்லாத் திசையிலும், ஆழமும் அகலமும் மாறி மாறி இருக்க வேண்டும். ஒரே திசையில் இணையாக ஓடும் கீறல் என்றால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். அழுக்கையும் சந்தேகப்படுங்கள். தேயிலை, சேறு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் எல்லாம் வயதைக் கூட்டப் பயன்படுபவை, விரிசல்களில் மட்டும் அழகாக நிறைந்து நிற்கும்.

படி 4: நிறங்கள் பொய் சொல்வது கஷ்டம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் இங்கே ரசனையைவிட வேதியியல் பேசுகிறது.

நீலம் கோபால்ட். மிங் அரசர்களான யோங்லே (1403–1424), சுவாந்தே காலத்தில் மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம், மாங்கனீஸ் குறைவு. கோடு தடித்த இடங்களில் நீலம் குவிந்து, கறுத்து, கிளேஸுக்குள் இறங்கி, சாய்த்துப் பார்த்தால் மங்கலான உலோகப் பளபளப்போடு நிற்கும். சீனக் கோபால்ட்டில் மாங்கனீஸ் அதிகம் என்பதால் இந்தக் குணம் இயல்பாக வராது. 18-ஆம் நூற்றாண்டில் அரசவைக் கைவினைஞர்களே சுவாந்தே பாணியைப் பின்பற்றியபோது அந்தக் கறுப்புத் திட்டுகளைத் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வேண்டுமென்றே வைத்தார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, முன்னோர் மீது மரியாதை. லென்ஸில் அந்தப் புள்ளிகள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்பது தெரியும்.

ரோஜா நிறம் 1720-களில்தான் பரவலாக வந்தது. தங்கத்தை நுண்துகளாக்கிப் பெறும் நிறம் அது. அதோடு ஒளி புகாத வெள்ளை எனாமலும் (கிளேஸின் மேல் தீட்டிச் சுடும் வண்ணம்) சேர்ந்தே வந்தது. ஆகவே, அடியில் செங்ஹுவா (1465–1487) என்று மிங் அரசர் பெயரை எழுதி மேலே ரோஜா நிறப் பூ இருந்தால் மிங் காலப் பொருளாக அது இருக்க முடியாது, மேலே படிக்கவே வேண்டாம். அதேபோல குரோமியம் என்ற தனிமத்தையே கண்டுபிடித்தது 1797-இல். 18-ஆம் நூற்றாண்டு என்று சொல்லும் கிண்ணத்தின் பச்சையில் குரோமியம் அகப்பட்டால் கதை முடிந்தது. எக்ஸ் கதிர் ஒளிர்வு என்னும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி பொருளைச் சேதப்படுத்தாமலே இதைச் சொல்லிவிடும்.

பழைய எனாமலைச் சுற்றிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வானவில் சாயல் ஒன்று தெரியும், சிப்பி ஒளி என்பார்கள். நல்ல அறிகுறிதான், ஆனால் ரசாயனத்தால் அதையும் கொண்டுவருகிறார்கள் என்பதால் கூட்டத்தில் ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இப்போது மார்க்

வழக்கமான மார்க்கில் ஆறு எழுத்து, இரண்டு வரிசை, வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாக. தா மிங் சுவாந்தே நியன் ஜி என்றால் மாபெரும் மிங் வம்சத்தின் சுவாந்தே ஆட்சியில் செய்தது. நான்கெழுத்து மார்க்கில் வம்சப் பெயர் இருக்காது. அரசர் பெயர் எழுதும் வழக்கம் ஊன்றியது சுவாந்தே காலத்தில், 1426 முதல் 1435 வரை. அதற்கு முந்தைய யோங்லே மார்க் மிக அரிது. சிங் காலத்தில் யோங்செங் முதல் கட்டம் கட்டமான முத்திரை எழுத்து நுழைந்து, சியான்லோங் (1736–1795) காலத்தில் அதுவே பெரும்பான்மையானது.

1677-இல் ஜிங்தெசென்னைக் கவனித்த அதிகாரி பீங்கானில் அரசர் பெயர் எழுதத் தடை போட்டார். உடைந்து குப்பையில் விழுந்தால் அரசருக்கு அவமரியாதை என்பது காரணம். அதனால்தான் காங்ஷி காலத்துப் பல நல்ல பொருள்களின் அடியில் வெறும் இரட்டை வட்டமோ ஒரு இலையோ இருக்கிறது, அல்லது இருநூறு வருஷம் பழைய செங்ஹுவாவின் பெயர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் தங்கள் பங்குக்குக் காங்ஷி பெயரை எழுதினார்கள். ஆக, பெயரும் காலமும் பொருந்தாதது எல்லாம் போலி ஆகாது. இரண்டும் பொருந்தினால் வியாபாரத்தில் "மார்க் அண்ட் பீரியட்" என்பார்கள், விலை பல மடங்கு ஏறுவது அங்கேதான்.

எழுத்தையும் கையெழுத்து நிபுணர் மாதிரி பார்க்க வேண்டும். சுவாந்தே மார்க்கில் "தே" எழுத்தின் நடுவே, இதயம் என்று பொருள்படும் எழுத்துப் பகுதிக்கு மேல் வழக்கமாக வர வேண்டிய ஒரு படுக்கைக் கோடு இருக்காது. செங்ஹுவா மார்க்கின் ஒவ்வொரு எழுத்தும் எங்கே கூராகும், எங்கே வளையும் என்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தின் சுன் யிங்ஜோ ஆறு வரிப் பாட்டே கட்டி வைத்தார், சேகரிப்பாளர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். போலி செய்பவர்களும் செய்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

செங்ஹுவா என்றதும் கோழிகள் வரைந்த சிறிய கோழிக் கிண்ணம் நினைவுக்கு வரும். 8.2 சென்டிமீட்டர் விட்டம், 2014 ஏப்ரலில் ஹாங்காங் சோதபீஸ் ஏலத்தில் 28.1 கோடி ஹாங்காங் டாலர், வாங்கிய சீனக் கோடீஸ்வரர் லியு யிச்சியன் அதில் டீ குடித்த படம் உலகம் சுற்றியது. கோழிக் கிண்ணத்தைக் காங்ஷி காலத்திலேயே நகலெடுத்திருக்கிறார்கள், அந்த நகலுக்கே இன்று நல்ல விலை. உங்களுக்கு இணையத்தில் ஒருவர் அசல் என்று இருநூறு டாலருக்குத் தருவதற்கு மட்டும் வரலாற்றில் இடமில்லை.

படி 6: பொருள் வந்த வழி

யார் வீட்டில் இருந்தது, எப்போது விற்றது, எந்த ஏலப் பட்டியலில் படம் வந்தது என்ற காகிதத் தடம் நல்ல போலிகளை வடிகட்டும். 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடியபோதும், 1900-இல் வெளிநாட்டவரை எதிர்த்த பாக்ஸர் கலவரத்தை அடக்கியபோதும் நிறைய வெளியே போயிற்று. ஐரோப்பியக் குடும்பங்களில் இருந்து இன்றும் திடீரென்று பொருள்கள் வருவதற்கு இது ஒரு காரணம். வாங்குபவர் மனச்சாட்சியோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயமும்கூட. பழைய வியாபாரிகளின் ஒட்டுச் சீட்டு அடியில் இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் சீட்டையும் அச்சடிக்கலாம். சீட்டு சொல்லும் வருஷத்து ஏலப் பட்டியலைத் தேடி எடுத்து, படத்தில் இருக்கும் சூளைக் குறையும் புள்ளியும் உங்கள் பொருளிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

அதிர்ஷ்டமும் நடக்கும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் வீட்டு வாசல் விற்பனையில் 35 டாலருக்கு வாங்கிய யோங்லே காலத்துக் கிண்ணம் 2021-இல் 7,21,800 டாலருக்குப் போயிற்று. அதற்குக் காகிதமே கிடையாது, பொருளே பேசியது. ஆனால் இப்படி ஒன்று கிடைக்கும் என்று திட்டம் போடுவது லாட்டரிச் சீட்டை ஓய்வூதியமாக நினைப்பது.

படி 7: ஆய்வகம்

புற ஊதா விளக்கு முதலில். விலை குறைவு, வீட்டிலேயே செய்யலாம். இருட்டறையில் அடித்தால் ஒட்டுப் போட்டு வண்ணம் பூசிய இடம் மற்ற இடத்திலிருந்து வேறாக ஒளிரும். விரல் கணுவால் லேசாகத் தட்டிப் பாருங்கள், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும்.

தெர்மோலூமினசென்ஸ் சோதனை கடைசியாகச் சூடேறி எத்தனை காலம் ஆயிற்று என்று அளக்கும். பீங்கானில் சில மில்லிமீட்டர் துளையிட்டு மண் எடுக்க வேண்டும், அந்தத் துளை பொருளின் விலையைப் பாதிக்கும். துல்லியமும் கிட்டத்தட்ட இருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கும். முந்நூறு வருஷப் பொருளுக்கு அறுபது வருஷம் வித்தியாசம் என்றால் காங்ஷியா யோங்செங்கா என்று சொல்லவே முடியாது; புதியதா பழையதா என்று மட்டும் சொல்லும். செயற்கைக் கதிர்வீச்சு கொடுத்து ஏமாற்றுவதும், அசல் அடிப்பாகத்தில் துளையிடச் சொல்வதும் நடக்கிறது. அதனால் விற்பவர் தானே எடுத்துக் கொடுத்த சான்றிதழை நம்பாமல், எந்த இடத்தில் மண் எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

படி 8: எங்கே, எதை வாங்குவது

ஜிங்தெசென்னுக்குப் போனால் அசல் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அந்த ஊரின் ஃபான்ஜியாஜிங் பகுதி அரண்மனைப் பீங்கான் நகலுக்கே பேர்போனது, கைத்திறன் பிரமாதம். நகல் என்று தெரிந்தே வாங்கினால் நல்ல பாடப் பொருள்.

ஆரம்பத்தில் மிங், காங்ஷி, சியான்லோங் பக்கம் போகாமல் தாவ்குவாங் (1821–1850), குவாங்ஷு காலத்து எளிய ஒற்றை நிறக் கிண்ணங்களையும் தட்டுகளையும் பாருங்கள். அரசுச் சூளைதான், மார்க்கும் காலமும் பொருந்தும், ஒப்பிடப் பொருள்களும் நிறைய. அங்கும் விளிம்பில் சில்லு, மயிரிழை விரிசல் இருந்தால் விலை கணிசமாக இறங்கும். படிப்பதற்கு வாங்கும்போது அது நமக்கு லாபம். ஏலத்தில் வாங்கினால் நிலை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள், ஏலம் முடியும் சுத்தியல் விலைக்கு மேல் வரும் கமிஷனையும் வரியையும் முன்னாலேயே கூட்டிப் பாருங்கள். தனி வியாபாரி என்றால் ரசீதில் ஆட்சிக் காலத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். "மிங் பாணி" என்று எழுதினால் மிங் காலத்தது என்று அர்த்தம் ஆகாது. எழுதித் தரத் தயங்குபவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

சட்டம் சுருக்கமாக. 1911-க்கு முற்பட்ட பழம்பொருளைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுவரப் பொதுவாக அனுமதி கிடையாது. முன்பு எல்லை 1795 ஆக இருந்தது. அக்காலத்தில் அனுமதித்த பொருள்களில் சிவப்பு அரக்கு முத்திரை ஒட்டியிருக்கும். அதைப் பழமைக்குச் சான்று என்று காட்டுவார்கள், உண்மையில் அதன் பொருள் "இதை வெளியே விடலாம்" என்று ஒரு அதிகாரி நினைத்தார் என்பதுதான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது, விற்பனைத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவந்தால் மறுபடி வெளியே விற்பது சிக்கலாகும் என்பதை வாங்கும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். இறக்குமதி ரசீது, சுங்கக் காகிதம், ஏலப் பட்டியலின் பக்கம், உங்கள் அளவுக் குறிப்பு, நான்கு பக்கமும் அடியும் எடுத்த படம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கை அடியில் இருக்க வேண்டும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். கழுவ வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு. தங்கப் பூச்சு இருந்தால் தேய்க்கவே கூடாது, பழைய ஒட்டு இருந்தால் ஊற வைக்கக் கூடாது. உடைந்தால் கடைப் பசையை எடுக்காமல் துண்டுகளைத் தனித்தனியாகத் துணியில் சுற்றி, பீங்கான் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.